சிப்பாயாகச் சேர்ந்து மேஜராக ஓய்வு பெற்ற ஹாக்கி மன்னர்

ஹாக்கி ஆட்டத்தில் இரண்டு வகை உண்டு. கனடா போன்ற குளிர் நாடுகளில் உறைந்த பனித் தரையில், அடியில் இரும்புத் தகடு பொருத்திய காலணியோடு சறுக்கிக்கொண்டே ஆடுவது ஒரு வகை. அதில் பந்து கிடையாது, ரப்பர் வட்டுதான். 1917-ம் ஆண்டிலேயே அங்கு தேசிய ஹாக்கி லீக் என்ற அமைப்பு ஏற்பட்டு, வீரர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடினார்கள். ஆட்டமே அவர்களுக்கு உத்தியோகம்.

மற்றொன்று நம் நாட்டில் புல் தரையில் ஆடப்பட்ட ஹாக்கி. அந்தக் காலத்தில் இதில் உலகையே வென்றவருக்கும் ஆட்டத்துக்கென்று சம்பளம் கிடையாது. வயிற்றுப்பாட்டுக்கு வேறு வேலை பார்த்தாக வேண்டும். வேலை முடிந்த பிறகுதான் மட்டையைத் தொட வேண்டும்.

அப்படி வேறு வேலை பார்த்துக்கொண்டே ஆடி, மூன்று ஒலிம்பிக் தங்கப் பதக்கங்களைப் பெற்றவர் தியான் சந்த். அவர் பார்த்த வேலை சிப்பாய் வேலை. மைசூர் ஹெப்பாளில் ஆலை ஷிப்டுக்கும் ஆபீஸ் குமாஸ்தா வேலைக்கும் ஊரை விட்டு வந்திருக்கும் நம்மவர்களுக்கு அவருடைய கதை அந்நியமாகத் தோன்றாது.

பட்டாளத்துக்காரர் வீட்டுப் பிள்ளை

1905-ம் ஆண்டு ஆகஸ்டு 29-ந் தேதி அலகாபாத்தில் பிறந்தவர் தியான் சந்த். பெற்றோர் வைத்த பெயர் தியான் சிங். தந்தை பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் வேலை பார்த்தவர். அவரும் ஹாக்கி ஆடியவர். பட்டாளத்துக்காரர் குடும்பம் என்றால் ஊர் ஊராக மாற்றல்தான். பையனின் படிப்பு ஆறு வருஷத்தோடு நின்று போயிற்று. கடைசியில் ஜான்சி நகரில் ஒரு சிறு மனை கிடைத்து, குடும்பம் அங்கே நிலைத்தது. அது முதல் ஜான்சியே அவருடைய ஊர்.

சிறு வயதில் ஹாக்கி மீது அவருக்குத் தனி ஆசை எதுவும் இருக்கவில்லை. குஸ்திதான் பிடிக்கும். மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து ஏதோ மட்டையைச் சுழற்றியதோடு சரி.

1922-ம் ஆண்டு, தம்முடைய 17-வது பிறந்த நாளன்று, ராணுவத்தின் முதலாவது பிராமண ரெஜிமென்ட்டில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். அந்த ரெஜிமென்ட்டில் சுபேதார் மேஜர் திவாரி என்பவர் ஹாக்கிப் பைத்தியம். புதிதாக வந்த பையனின் கையில் மட்டையைக் கொடுத்து, ஆட்டத்தின் முதல் பாடங்களைச் சொல்லிக் கொடுத்தவர் அவரே.

அணிவகுப்பும் காவல் வேலையும் முடிந்த பின்புதான் விளையாட முடியும். மின்சார விளக்கு போட்ட மைதானம் அப்போது ஏது? நிலா வெளிச்சத்தில் தனியாகப் பந்தைத் தட்டிப் பழகுவாராம். நிலாவுக்கு இந்தியில் சாந்த் என்று பெயர். அதனால்தான் தோழர்கள் அவரைச் சந்த் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள் என்று சொல்வார்கள். தியான் சிங், தியான் சந்த் ஆனார்.

முதல் பட்டை

நாலைந்து வருஷம் பட்டாளத்துக்குள் நடந்த போட்டிகளில்தான் ஆடினார். ஜீலம் நகரில் நடந்த ஒரு இறுதி ஆட்டத்தில் அவருடைய கட்சி 2 கோல் பின்தங்கியிருந்தது. ஆட்டம் முடிய 4 நிமிஷமே பாக்கி. வெளியில் நின்ற கமாண்டிங் ஆபீசர் ஏதாவது செய்யும்படி சத்தம் போட்டார். அந்த 4 நிமிஷத்துக்குள் 3 கோல் போட்டு ஜெயித்துக் கொடுத்தார் தியான் சந்த். ஹாக்கி மந்திரவாதி என்ற பட்டம் அதற்குப் பிறகுதான் பரவியது.

1926-ம் ஆண்டு இந்திய ராணுவ அணி நியூசிலாந்து சென்றது. அந்த அணியில் தியான் சந்தும் இருந்தார். சந்தோஷத்தோடு கவலையும் வந்தது. மாதம் சில ரூபாய் மட்டும் வாங்கும் சிப்பாய், வீட்டிலும் வசதியில்லை. வெளிநாடு போவதற்குத் துணிமணிக்கு எங்கே போவது? பட்டாளத்தில் கொடுத்த உடுப்பையே பெரும்பாலும் எடுத்துக்கொண்டு கப்பல் ஏறியதாகப் பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார்.

நியூசிலாந்தில் அந்த அணி 21 ஆட்டங்கள் ஆடியது. 18 வெற்றி, 2 டிரா, ஒரே ஒரு தோல்வி. அணி போட்ட கோல்கள் 192. அதில் பாதிக்கு மேல் தியான் சந்த் போட்டவை. திரும்பி வந்ததும் அவருக்குக் கிடைத்த பரிசு லான்ஸ் நாயக் பதவி. சட்டைக் கையில் ஒரு பட்டை ஏறியது. சம்பளம் சிறிது கூடியது. ஹாக்கி அவருக்குக் கொடுத்த முதல் கூலி அதுதான்.

வழியனுப்ப மூன்று பேர்

1928-ம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்தியா முதல் தடவையாக ஹாக்கியில் கலந்துகொண்டது. ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்க கல்கத்தாவில் மாகாணங்களுக்கு இடையே போட்டி வைத்தார்கள். ஐக்கிய மாகாண அணிக்கு ஆடிய தியான் சந்த், சென்டர் பார்வர்டாகத் தேர்வானார். அணியின் காப்டன், சோட்டா நாகபுரியில் ஆதிவாசிக் குடும்பத்தில் பிறந்து ஆக்ஸ்போர்டில் படித்த ஜெய்பால் சிங்.

மார்ச் 10-ந் தேதி பம்பாயில் கப்பல் கிளம்பியபோது வழியனுப்ப வந்தவர்கள் மூன்றே பேர். பெரிய நம்பிக்கை யாருக்கும் இருக்கவில்லை.

ஆஸ்திரியாவை 6-0, பெல்ஜியத்தை 9-0, டென்மார்க்கை 5-0, சுவிட்சர்லாந்தை 6-0 என்று வரிசையாக இந்தியா வென்றது. மே 26-ந் தேதி இறுதி ஆட்டம், ஹாலந்து நாட்டோடு. தியான் சந்துக்கு உடம்பு சரியில்லை. இன்னும் சிலருக்கும் காயம், நோய். ஆனாலும் இறங்கி ஆடினார்கள். 3-0 என்ற கணக்கில் வெற்றி. ஐந்து ஆட்டங்களில் 29 கோல் போட்ட இந்தியா ஒரு கோல்கூட வாங்கவில்லை. 29-ல் 14 கோல் தியான் சந்த் போட்டவை. அணி திரும்பியபோது அதே பம்பாய்த் துறைமுகத்தில் ஜனங்கள் திரண்டு நின்றார்கள்.

லீவு கிடைக்கவில்லை

உலகமே பெயர் சொல்லும் ஆட்டக்காரர் ஆன பின்பும் தியான் சந்த் சிப்பாய்தான். 1932-ம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்குக்காகத் தேர்வுப் போட்டி நடந்தபோது, அதில் ஆட அவருக்கு லீவு கிடைக்கவில்லை. ஹாக்கி சம்மேளனம் கேட்டுப் பார்த்தும் பட்டாளம் விடவில்லை. லீவு விண்ணப்பம் எழுதிவிட்டு மேலதிகாரியின் கையெழுத்துக்காகக் காத்திருந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கடைசியில் தேர்வுப் போட்டி இல்லாமலே அவரை அணியில் சேர்த்துக்கொண்டார்கள். இந்தத் தடவை தம்பி ரூப் சிங்கும் தேர்வு பெற்றார்.

போகும் வழியில் கொழும்பில் இலங்கை அணியோடு இரண்டு ஆட்டங்கள். 20-0, 10-0 என்று வெற்றி. பிறகு பசிபிக் கடலைக் கடந்து அமெரிக்கா.

லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் ஹாக்கியில் கலந்துகொண்டவை மூன்றே நாடுகள். ஜப்பானை இந்தியா 11-1 என்று வென்றது. ஆகஸ்டு 11-ந் தேதி அமெரிக்காவோடு ஆட்டம். முடிவு 24-1. ரூப் சிங் 10 கோல், அண்ணன் 8 கோல். ஒலிம்பிக் ஹாக்கியில் இவ்வளவு பெரிய வெற்றியை அதற்குப் பின் எந்த அணியும் பெற்றதில்லை. இரண்டு ஆட்டங்களில் இந்தியா போட்ட 35 கோல்களில் 25 இந்தச் சகோதரர்கள் இருவரும் போட்டவை.

பயணச் செலவை ஈடுகட்ட, திரும்பும் வழியில் ஐரோப்பாவில் பல ஊர்களில் ஆடிக்கொண்டே வந்தார்கள். அந்தச் சுற்றுப்பயணம் முழுவதும் சேர்த்து 37 ஆட்டங்கள், 338 கோல்கள். அதில் தியான் சந்த் பங்கு 133.

இவ்வளவு சாதித்தவர், தாம் ஆடியதிலேயே சிறந்த ஆட்டம் எது என்று கேட்டால் ஒலிம்பிக்கைச் சொல்ல மாட்டார். 1933-ம் ஆண்டு கல்கத்தாவில் நடந்த பெய்ட்டன் கோப்பை இறுதி ஆட்டத்தைத்தான் சொல்வார். அந்தக் காலத்தில் கல்கத்தா கஸ்டம்ஸ், பெங்கால் நாகபுரி ரயில்வே போன்ற ஆபீஸ்கள் நல்ல ஆட்டக்காரர்களை வேலைக்கு வைத்துப் பலமான அணிகளை நடத்தி வந்தன. ஊர்ப் பையன்கள் சேர்ந்த ஜான்சி ஹீரோஸ் என்ற சிறு கிளப், கல்கத்தா கஸ்டம்ஸை அந்த இறுதி ஆட்டத்தில் வென்றது. சொந்த ஊருக்காக ஆடி ஜெயித்த அந்த ஆட்டமே அவர் மனத்தில் கடைசி வரை நின்றது.

காப்டன் ஆனார்

1935-ம் ஆண்டு நியூசிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் சென்ற இந்திய அணிக்கு தியான் சந்த் காப்டன். மைதானத்தில் காப்டன், ராணுவத்திலோ இன்னும் அதிகாரி அந்தஸ்தே வரவில்லை. அந்தப் பயணத்தில் 48 ஆட்டங்களில் இந்தியா 584 கோல் போட்டது. ஏறக்குறைய 200 கோல் காப்டனுடையது. அடிலெய்டு நகரில் கிரிக்கெட் வீரர் டான் பிராட்மன் இவருடைய ஆட்டத்தைப் பார்த்து, ரன் குவிப்பது போலல்லவா கோல் குவிக்கிறார் என்று வியந்தாராம்.

தியான் சந்த் உயரமானவரல்ல. முரட்டு உடம்பும் அல்ல. பந்து மட்டையோடு ஒட்டிக்கொண்டது போல் வரும். எதிரி எந்தப் பக்கம் சாய்வான் என்று முன்கூட்டியே கணித்துவிடுவார். அதே சமயம், தம்மைவிட நல்ல இடத்தில் நிற்கும் தோழர் கண்ணில் பட்டால் தயங்காமல் பந்தைத் தள்ளிவிடுவார். மட்டைக்குள் காந்தம் இருக்கிறது என்பது போன்ற கதைகள் ஏராளம் உண்டு. கதைகளைவிடக் கணக்கே பெரிது.

பெர்லினில் ஒரு ஆகஸ்டு 15

1936-ம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்குக்கும் அவரே காப்டன். ஜெர்மனி போய்ச் சேர்ந்ததும், ஜூலை 17-ந் தேதி ஜெர்மன் அணியோடு ஒரு பயிற்சி ஆட்டம். இந்தியா 4-1 என்று தோற்றது. எட்டு வருஷமாக ஒலிம்பிக்கில் தோல்வியே காணாத நாடு! அன்றிரவு கண் மூட முடியவில்லை என்று பின்னர் எழுதினார் தியான் சந்த். உடனே ஊருக்குத் தந்தி பறந்தது. தாரா என்ற ஆட்டக்காரரை விமானத்தில் வரவழைத்தார்கள்.

ஹங்கேரியை 4-0, அமெரிக்காவை 7-0, ஜப்பானை 9-0, அரை இறுதியில் பிரான்சை 10-0 என்று வென்ற பிறகு, இறுதி ஆட்டம் அதே ஜெர்மனியோடு வந்தது. மழையால் ஒரு நாள் தள்ளிப்போய், ஆகஸ்டு 15-ந் தேதி நடந்தது.

ஆட்டத்துக்கு முன் உடை மாற்றும் அறையில் எல்லோர் முகத்திலும் கவலை. உதவி மானேஜர் பங்கஜ் குப்தா காங்கிரஸ் மூவர்ணக் கொடியை எடுத்து அவர்கள் முன் விரித்தார். எல்லோரும் அதற்கு சல்யூட் செய்துவிட்டு மைதானத்துக்குப் போனார்கள். அவர்களுடைய காப்டன் பிரிட்டிஷ் ராஜாவின் பட்டாளத்தில் சம்பளம் வாங்குகிறவர். அந்த நாளில் ஒரு பட்டாளத்துக்காரர் காங்கிரஸ் கொடிக்கு சல்யூட் அடிப்பது சின்ன விஷயமல்ல. வேலைக்கே ஆபத்து வரலாம். அப்படியும் செய்தார்கள்.

முதல் பாதியில் ஒரே ஒரு கோல். தரை ஈரம், கால் வழுக்கியது. இரண்டாம் பாதியில் தியான் சந்த் ஆணி வைத்த பூட்சைக் கழற்றி எறிந்துவிட்டு ஆடினார். கோல்கள் மளமளவென்று விழுந்தன. நடுவில் ஜெர்மன் கோல் கீப்பரோடு மோதி ஒரு பல் போயிற்று. சிகிச்சை செய்துகொண்டு திரும்பி வந்து ஆடினார். 8-1 என்று இந்தியா வென்றது. அந்த ஒலிம்பிக்கில் இந்தியா வாங்கிய ஒரே கோல் அது.

மூன்று ஒலிம்பிக்குகளிலும் சேர்த்து தியான் சந்த் காலத்து இந்திய அணி 12 ஆட்டங்கள் ஆடியது. பன்னிரண்டும் வெற்றி. போட்ட கோல் 102. வாங்கிய கோல் 3.

சரியாக 11 வருஷம் கழித்து, இன்னொரு ஆகஸ்டு 15-ந் தேதி நாடு சுதந்திரம் பெற்றது.

கிடைக்காத ஒன்று

பெர்லின் வெற்றிக்குப் பின் 1938-ம் ஆண்டு ஜமேதார் பதவி கிடைத்தது. யுத்தத்தின் நடுவில், 1943-ம் ஆண்டுதான் அதிகாரி அந்தஸ்து வந்தது. சிப்பாயாகச் சேர்ந்து 21 வருஷத்துக்குப் பிறகு! அதற்குள் அவர் கழுத்தில் மூன்று தங்கப் பதக்கங்கள் ஏறிப் பழசாகிவிட்டன. பதவி உயர்வு பட்டியலில் தம் பெயர் எப்போது வரும் என்று வருஷக் கணக்கில் பார்த்திருக்கும் எவருக்கும் அந்த 21 வருஷத்தின் நீளம் புரியும்.

யுத்தம் இன்னொன்றையும் பறித்துக்கொண்டது. 1940, 1944 ஒலிம்பிக் போட்டிகள் நடக்கவே இல்லை. யுத்த முடிவில் மணிப்பூர், பர்மா, இலங்கை என்று படைகள் இருந்த இடங்களில் ராணுவ அணியோடு போய் ஆடிக் காட்டினார். சுதந்திரம் வந்த பின் 1947-48-ல் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு இந்திய அணியை அழைத்தவர்கள், தியான் சந்த் வந்தாக வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். 42 வயதில் போனார். 22 ஆட்டங்களில் 61 கோல் போட்டார்.

1948-ம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில், சுதந்திர இந்தியா இறுதி ஆட்டத்தில் பிரிட்டனையே 4-0 என்று வென்று தங்கம் பெற்றது. அந்த அணியில் தியான் சந்த் இல்லை. அவருடைய மூன்று தங்கமும் அடிமை இந்தியாவின் கொடிக்குக் கீழ் பெற்றவை. பெர்லின் அறையில் மறைவாக சல்யூட் செய்தவருக்கு, ஒலிம்பிக் மைதானத்தில் சொந்த நாட்டுக் கொடியின் கீழ் நின்று ஆடும் பாக்கியம் கிடைக்கவில்லை.

சென்னையில் அச்சான சுயசரிதை

அவருடைய வாழ்க்கைக் கதை நூலாக வந்தது தமிழ்நாட்டிலிருந்துதான். சென்னையில் வெளிவந்த ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம் என்ற ஆங்கில விளையாட்டு வார இதழ், கோல் என்ற பெயரில் அவருடைய சுயசரிதையை 1952-ம் ஆண்டு வெளியிட்டது. தம் வறுமையையும் குறைந்த படிப்பையும் அதில் அவர் மறைக்கவில்லை.

1956-ம் ஆண்டு, 34 வருஷ சேவைக்குப் பின், மேஜர் பதவியில் ஓய்வு பெற்றார். அதே வருஷம் மத்திய அரசு பத்ம பூஷண் விருது கொடுத்தது. பிறகு பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டுப் பயிற்சி நிலையத்தில் தலைமை ஹாக்கிப் பயிற்சியாளராக இருந்தார். அதன் பின் ஜான்சி வீடுதான்.

மகன் அசோக் குமாரும் இந்திய அணியில் ஆடினார். 1975-ம் ஆண்டு மார்ச் 15-ந் தேதி கோலாலம்பூரில் நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில், பாகிஸ்தானை 2-1 என்று இந்தியா வென்றபோது வெற்றிக் கோலைப் போட்டவர் அவரே. அந்த அணியில் சென்னை பிலிப்ஸ் இருந்தார். குடகு நாட்டு கோவிந்தாவும் இருந்தார்.

குடகு என்றதும் மைசூர்வாசிகளுக்கு ஹாக்கி நினைவு வராமல் போகாது. இங்கிருந்து ஹுன்சூர் வழியாக பஸ் பிடித்தால் சுமார் 120 கிலோ மீட்டரில் மடிக்கேரி. அந்த மாவட்டத்தில் குடும்பத்துக்கு ஒரு அணி என்று சேர்ந்து ஆடும் ஹாக்கித் திருவிழாவே 1997-ம் ஆண்டு தொடங்கியது. பந்தும் மட்டையும் பெரிய ஊருக்கு மட்டும் சொந்தமல்ல என்பதற்கு ஜான்சி ஒரு சாட்சி என்றால், குடகு இன்னொரு சாட்சி.

பொது வார்டில் முடிவு

தியான் சந்தின் கடைசி நாட்கள் வசதியானவை அல்ல. கையில் பணத் தட்டுப்பாடு. 1976-ம் ஆண்டு மான்ட்ரியல் ஒலிம்பிக்கில், செயற்கைப் புல் தரையில் ஆடிய இந்தியா 7-வது இடத்துக்குப் போனதையும் அவர் பார்க்க நேர்ந்தது. 1977-ம் ஆண்டு தம்பி ரூப் சிங் காலமானார்.

கல்லீரல் புற்றுநோய் வந்தது. டில்லி அகில இந்திய மருத்துவ நிலையத்தில் பொது வார்டில் சேர்க்கப்பட்டார். 1979-ம் ஆண்டு டிசம்பர் 3-ந் தேதி உயிர் பிரிந்தது. உடலை ஜான்சிக்குக் கொண்டுபோய், அவர் ஆடி வளர்ந்த ஜான்சி ஹீரோஸ் மைதானத்திலேயே தகனம் செய்தார்கள். அவருடைய பஞ்சாப் ரெஜிமென்ட் ராணுவ மரியாதை செலுத்தியது.

எட்டு மாதம் கழித்து, 1980-ம் ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக்கில் இந்தியா மறுபடியும் தங்கம் வென்றது. காப்டன், சென்னையைச் சேர்ந்த பாஸ்கரன். அதைக் காண தியான் சந்த் இல்லை.

மரியாதைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் வந்தன. தபால் தலை வந்தது. 2002-ம் ஆண்டு டில்லி தேசிய விளையாட்டு அரங்குக்கு அவர் பெயர் வைத்தார்கள். 2021-ம் ஆண்டு விளையாட்டுத் துறையின் உயர்ந்த விருதான கேல் ரத்னாவுக்கும் அவர் பெயரே சூட்டப்பட்டது. மனிதர் பொது வார்டில் படுத்திருந்தபோது இவற்றில் ஒன்றுகூட இல்லை.

அவர் பிறந்த ஆகஸ்டு 29-ந் தேதி நாடெங்கும் தேசிய விளையாட்டு தினமாகக் கொண்டாடப்படுகிறது. ஜான்சிப் பையன் ஒருவன் 17 வயதில் வயிற்றுப்பாட்டுக்காகச் சிப்பாய் வேலையில் சேர்ந்ததும் அதே ஆகஸ்டு 29-ந் தேதிதான்.